வில்லுக்குப் பூசிய எண்ணெய்

என் மகள் செல்லோ வாசிக்கிறாள். வயலினைப் போன்றதுதான், ஆனால் கிட்டத்தட்ட ஆள் உயரம். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் இழுக்க வேண்டும். சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கும்போது கற்றுக்கொண்டாள். இரண்டு வருஷமாகச் சினிமாப் பாட்டுக்கும் பெரிய மேடைகளுக்கும் அவளைக் கூப்பிடுகிறார்கள். எங்கள் புதூர்நாட்டு மலைப் பிள்ளை அவ்வளவு தூரம் போனது அம்மன் அருள்தான்.

போன ஆயுத பூஜைக்கு ஊருக்கு வந்தாள். மறுநாள் பத்து மணிக்குச் சென்னையில் தேர்வு. வெளிநாட்டு இசைக் கல்லூரிக்கு ஒரே ஒருவரைத்தான் எடுப்பார்களாம். அம்மன் படத்தின் முன் செல்லோ பெட்டியை வைத்து எடுத்துப் போகத்தான் வந்திருந்தாள்.

ஜீப்பிலிருந்து பெட்டியை இறக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "இன்னா பாப்பா, பலாப்பழத்துக்கா இம்மாம் பெரிய பொட்டி?"

"நீ உள்ள பூந்துக்கோ மாமா, டிக்கெட் இல்லாம மெட்ராசுக்கு இட்டுனு போறேன்."

அவள் குளிக்கப் போனாள். பூஜைக்கு முன்பு அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் பூசுவது என் வேலை. பெட்டியையும் திறந்தேன். வில்லில் கட்டியிருந்த குதிரைமுடி வறண்டு, வெள்ளைப் பொடி படிந்து கிடந்தது. பிள்ளைக்கு நேரமில்லை போல என்று நினைத்து, பொடியைத் துடைத்தேன். முடிதானே என்று தேங்காய் எண்ணெயை நுனி வரைக்கும் உருவிவிட்டேன். பளபளவென்று ஆனது. மூடி, பெட்டிமேல் சந்தனம் வைத்தேன்.

பூஜை முடிந்து ஜீப்பில் ஏறியவள் திரும்பிக் கேட்டாள்: "பொட்டிய யாரும் தொறக்கலியேம்மா?"

"ஏன் கேக்குற?"

"வில்லு முடில கை படக்கூடாது. எண்ணெப்பசை பட்டாக்கூட வழுக்கிடும், சத்தமே வராது. அதுல பூசியிருக்குற வெள்ளப் பொடிதான் தந்தியப் புடிக்கும்."

கிளம்புகிற நேரத்தில் கெட்ட சேதி எதுவும் சொல்லக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "யாரும் தொறக்கல, போய்ட்டு வா" என்றேன். சாமி கும்பிட்ட வாயால் பொய்.

சக்கரங்களுக்கு வைத்த எலுமிச்சம்பழங்களில் மூன்று நசுங்கின. நான்காவது நழுவி உருண்டது. வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி ஏற்றச் சொன்னேன்.

"திருப்பத்தூர்ல ரயிலு உனுக்காக நிக்குமா மே?" என்று என் வீட்டுக்காரர் ஜீப்பை ஓட்டிப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. விடிந்ததும் பாறைமேல் ஏறி அவளுக்குப் போன் போட்டேன்.

"குளிச்சிட்டேன்மா. இனிமேதான் எடுத்து வாசிச்சுப் பாக்கணும்."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழாமல் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. "இன்னா எண்ணெய்?" என்று மட்டும் கேட்டாள். போனைக் கீழே வைக்கும் சத்தம், பிறகு பெட்டியின் கொக்கிகள் திறக்கும் சத்தம் கேட்டது. "இப்ப இழுக்குறேன்மா" என்றாள். அவள் வாசித்தால் அடுத்த அறையில் இருந்தாலும் என் நெஞ்சு அதிரும். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அங்கே மின்விசிறி சுற்றுவது மட்டும்தான் கேட்டது.