யாருடைய கால்

2025 ஜனவரி 18, சனிக்கிழமை. மலையைச் சுற்றி வரும் பாதையில் எங்களுக்கு இரண்டாம் நாள். வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தேன். பல் துலக்கி, படுக்கைப் பையைச் சுருட்டி, சாக்ஸைத் திருப்பி உதறி அட்டை இருக்கிறதா என்று பார்த்து, காலில் உப்பும் புகையிலைத் தூளும் தேய்த்துக்கொண்டேன். பிறகு நடை. சோலைக்காடு, புல்மேடு, மறுபடி சோலைக்காடு. மதியத்துக்குமேல் எதையும் பார்க்கத் தோன்றவில்லை. முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடியே நடந்தேன்.

முன்னால் போனவர் என் கணவரின் அக்கா. சித்தூர்ப் பக்கம் நங்கை என்போம். அடுத்த மாதம் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்குள் ஒரு மலையையாவது முழுதாகச் சுற்றிவிட வேண்டும் என்று என்னையும் இழுத்து வந்திருந்தார்.

மாலை கூடாரத்தில் அவர் ஈரப் பேண்ட்டை மாற்றும்போது பார்த்தேன். இடது முட்டி நன்றாக வீங்கிப் பளபளத்தது. வழிகாட்டியிடம் மூச்சு விடக் கூடாது என்றார். வழிகாட்டி ஒருத்திதான், பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டுப் பெண். அதனால் ஒருவர் இறங்கினால் மற்றவரும் இறங்கியாக வேண்டும். ஜீப் வரக்கூடிய கடைசி இடமும் நாங்கள் கூடாரம் போட்டிருந்த இடம்தான். அதைத் தாண்டினால் சுற்று முடியும்வரை நடைதான்.

எனக்கும் போதும் என்றிருந்தது. அதுதான் சிக்கல். அவருடைய முட்டிக்காகச் சொல்கிறேனா, என் அலுப்புக்காகவா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. இறங்கிவிடலாங்க என்று மட்டும் சொன்னேன்.

"உனக்குக் காலு நோவுதுன்னா உன்ற காலுன்னு சொல்லு புள்ள," என்றார். "என்ற காலை எதுக்கு இழுக்கறே?"

கஞ்சி கொண்டுவந்த வழிகாட்டி என்னைத் தனியே அழைத்தாள்.

"அக்கா, அவங்க நேத்துல இருந்து நின்னுக்கிட்டேதான் சாப்பிடுதாங்க. உக்காந்தா எந்திரிக்க முடியாது, அதான். நான் கேக்கல. நீங்களா சொன்னா ஜீப்புக்குச் சொல்லிருதேன்."

அவளைக் கூடாரத்துக்குப் பக்கத்தில், நங்கைக்குக் கேட்கும் தூரத்துக்குக் கூட்டி வந்தேன். இனி என்னால் ஓரடி வைக்க முடியாது, காலையில் ஜீப் வேண்டும் என்றேன். பாதிதான் பொய். அவள் என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், சரி என்று தலையாட்டினாள்.

நங்கை வெளியே வந்தார்.

"எங்க தம்பி பொண்டாட்டிக்கு ஆகலீங்க," என்று அவளிடம் சொன்னார். "ஆபீசுல உக்காந்தே பழகுன காலு. நானா இருந்தா சுத்தி முடிச்சிருப்பனுங்க."

சொல்லிவிட்டு, பாறையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். கஞ்சித் தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எழுந்திருக்கும்போது நாங்கள் இருவரும் தூக்கிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் முதல் வேலையாக, எந்தக் காலை இழுத்து நடப்பது என்று முடிவு செய்துகொண்டேன். பிறகுதான் டீ வாங்கப் போனேன்.