மகளின் பெயரில் நான் வைத்த கையெழுத்து

இரண்டு வருடங்களுக்கு முன், ஸ்கார்பரோவில் பனி முழங்கால் அளவுக்குக் கிடந்த ஒரு பெப்ரவரியில் தொடங்கியது இது. நாங்கள் இருப்பது மில்லிக்கன் பக்கம். நான் மார்க்கம் நகரில் மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை செய்கிறேன். கணவர் லொறி ஓட்டுகிறார், கிழமையில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே இந்த நாட்டு இராணுவத்தின் பகுதிநேரப் படையில் சேர்ந்திருந்தாள். கிழமைக்கு ஒரு பின்னேரமும் சில சனி ஞாயிறுகளும் பயிற்சி. சேரப்போகிறேன் என்று அவள் சொன்னபோது நான் மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை.

சீருடை என்றால் எனக்கு அப்படி. யாழ்ப்பாணத்தில் பச்சை உடுப்பைக் கண்டாலே ஒழுங்கைக்குள் ஓடி ஒளிந்து வளர்ந்தவள் நான். அந்த மாதிரி உடுப்பை என் வீட்டு மெஷினில் நானே தோய்க்கும் காலம் வரும் என்று யார் நினைத்தது? சப்பாத்துச் சத்தம் படியில் கேட்டால் நெஞ்சு திக்கென்று அடிக்கும். பிறகுதான், அட, இது எங்கள் பிள்ளை என்று மூச்சு வரும்.

அந்த மாதம் அவள் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் நின்று பொரிந்து தள்ளினாள். ஆயுள் காப்புறுதி என்று ஒரு தொகையைக் கழித்திருந்தார்கள்.

"நான் கேக்கவே இல்லை அம்மா. ஒட்டோமேற்றிக்கா வெட்டுறாங்கள்!"

அவளோடு பயிற்சி எடுத்த பலருக்கும் அதே கோபம். தங்களைக் கேட்காமல் சம்பளத்தில் கை வைத்தது பிழை என்று சிலர் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார்கள். காப்புறுதி வேண்டாதவர்கள் கையெழுத்து வைத்து அனுப்பினால் நிறுத்துவோம் என்று வீட்டுக்கு ஒரு படிவம் வந்தது. அவள் அதை மைக்ரோவேவுக்கு மேல் போட்டுவிட்டு மறந்துவிட்டாள்.

எனக்குக் காசு கண்ணிலேயே படவில்லை. இருபது வயதுப் பிள்ளையின் உயிருக்கு இப்போது எதற்குக் காப்புறுதி? எங்கேயோ அனுப்பப் போகிறார்கள், அதற்குத்தான் ஆயத்தம் என்று மனம் அடித்துச் சொன்னது.

இரண்டு கிழமையில் அவளுடைய கோபம் ஆறிவிட்டது. புட்டைக் குழைத்துக்கொண்டே, "சரி, அது இருக்கட்டும். எனக்கு ஏதும் நடந்தா உங்களுக்குத்தானே வரும்" என்றாள். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன்.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கணவருடைய லொறிக்குக் காப்புறுதி ஒரு நாள் பிந்தியதற்கே அதை ஒரு கிழமை ரோட்டில் விடாமல் நிறுத்தி வைத்தார்கள். இந்த நாட்டில் காப்புறுதி இல்லாமல் ஒன்றும் அசையாது என்பதுதான் இருபது வருடத்தில் நான் கற்ற பாடம். ஆகவே காப்புறுதி இல்லாத பிள்ளையையும் எங்கேயும் அனுப்பமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு! அவள் வகுப்புக்குப் போன நேரம் பார்த்துப் படிவத்தை எடுத்து, அவளுடைய கையெழுத்தை ஒரு பழைய கொப்பியில் பார்த்துப் பழகி, வைத்து, பிளாசாவுக்கு முன்னால் இருக்கும் சிவப்புத் தபால் பெட்டியில் போட்டேன். அன்றிரவுதான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

அடுத்த மாதச் சம்பளத்தில் காப்புறுதி நின்றுபோனதை மகள் கண்டுவிட்டாள். நிறுத்தச் சொல்லித் தான் கேட்கவில்லையே என்று அலுவலகத்தில் விசாரித்திருக்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து வந்தவளுடைய முகம் சரியில்லை.

"அம்மா, என்ரை பேரிலை ஆரோ கள்ளச் சைன் வச்சிருக்கினம். அந்தக் கிளார்க்தான் எண்டு டவுட் பண்ணுறாங்கள்."

சம்பள விவகாரங்களைப் பார்க்கும் எழுதுவினைஞர் அவர். முறைப்பாடுகளைக் குறைப்பதற்காக அவரே படிவங்களில் கையெழுத்து வைத்து முடித்துவிட்டார் என்று மேலே சந்தேகப்பட்டார்களாம். விசாரணை முடியும்வரை அவரை மேசையில் இருந்து எழுப்பிவிட்டார்கள். இந்தக் கையெழுத்து தன்னுடையதல்ல என்று சனிக்கிழமை மகள் போய் எழுதிக்கொடுக்க வேண்டும். "பாவம் அம்மா, ரெண்டு சின்னப் பிள்ளையள் அவருக்கு. நல்ல மனுசன்" என்றாள்.

நான் வாயே திறக்கவில்லை. புதன், வியாழன், வெள்ளி. பொய்க் கையெழுத்துக்கு இங்கே சிறையா? குடியுரிமையைப் பறிப்பார்களா? மகளைப் படையிலிருந்து கலைத்துவிடுவார்களா? கலைத்தால் நல்லதுதானே என்று மனதின் ஒரு மூலை சொன்னதையும் மறைக்கமாட்டேன். வேலையில் போத்தல்களைப் பெட்டி மாறி அடுக்கிச் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன். வீட்டு வாசலில் கார் ஒன்று மெதுவாகப் போனாலும் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை போத்தல் அடுக்கிக்கொண்டு நின்றபோதுதான் அந்த நினைவு வந்தது. ஊரில் இராணுவம் சுற்றிவளைத்தால் முகத்தை மூடிய ஒருவரைக் கொண்டுவந்து இருத்துவார்கள். அவர் தலையை ஆட்டினால் முன்னால் நிற்பவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். தலையாட்டி என்போம். என் சித்தப்பாவின் மகன் செய்யாத ஒரு குற்றத்துக்கு அப்படித்தான் போனான், திரும்பி வரவில்லை. நாளைக்கு என் மகள் நல்ல மனதோடு போய், ஒரு குற்றமும் செய்யாத மனிதருக்கு எதிராக எழுதிக்கொடுக்கப் போகிறாள். அவளை அங்கே கொண்டுபோய் இருத்துபவள் நான். 

சனி காலை நான்தான் காரை ஓட்டினேன். பயிற்சி நடக்கும் கட்டடத்தின் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லொறிக் கதையையும் சொன்னேன். மகள் கத்துவாள் என்று பார்த்தேன். அவள் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இன்சூரன்ஸ் இல்லாட்டிலும் அனுப்புவாங்கள்" என்றாள் மெதுவாக.

 நான் செய்த களவு ஒரு சதத்துக்கும் உதவாத களவு.

உள்ளே போனோம். கதவடியில் சீருடையோடு நின்றவர் எனக்கு "குட் மோர்னிங்" சொன்னார். நான் மகளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். நரைத்த தலைமயிரோடு ஒரு பெண் அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கையெழுத்து என்னுடையது, மகளுடையதும் இல்லை, அந்த எழுதுவினைஞருடையதும் இல்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். "பயம்" என்பதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை. மிச்சத்தை மகள் சொன்னாள்.

அவர் சிரிக்கவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. இது சின்ன விஷயம் இல்லை, இன்னொரு முறை நடந்தால் பொலிசுக்குப் போகும் என்று நேராகச் சொன்னார். நடந்ததை என்னிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டார். பிறகு மகளிடம் ஒரு புதிய படிவத்தை நீட்டி, வேண்டுமா வேண்டாமா என்று நீயே முடிவெடு என்றார். மகள் யோசிக்கவில்லை. வேண்டும் என்று அடையாளமிட்டாள். தனக்குப் பிறகு யாருக்கு என்ற இடத்தில் என் பெயரை எழுதினாள். எழுத்து எழுத்தாக அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 

வெளியே சுவரோரம் கிடந்த வாங்கில் இருந்தவர்தான் அந்த எழுதுவினைஞர் என்று மகள் காட்டினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். பரவாயில்லை என்றவர், இரவில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது என்று மட்டும் சொன்னார். 

மகள் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு சனியும் எனக்கு இன்னும் பயம்தான், அது போகாது. ஆனால் என் பயத்தைத் தூக்கி முன்பின் தெரியாத ஒரு தகப்பனின் மடியில் போட்டுவிட்டு, படிவத்தைத் தபாலில் போட்ட இரவு நான் நிம்மதியாக நித்திரை கொண்டேனே, அதை நினைக்கத்தான் எனக்கு இப்போது என்னைக் கண்டே பயம்.