மேட்டில் மரத்துப்போகும் கால்

ஏப்ரல் 12, சனிக்கிழமை, சான் ரமோன். ஆறு மணிக்கு எழுந்தேன். ஏழுக்கு அவருக்கு மாத்திரை, ஏழரைக்கு இட்லி. என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு முதல்முறையாக, எட்டேகாலுக்கு இருவரும் ஆளுக்கொரு சைக்கிளை எடுத்தோம். சைக்கிளும் நடையுமாய்ப் போகும் டிரெயில் பாதையோரமெங்கும் காட்டுக்கடுகு மஞ்சளாகப் பூத்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கக்கூட அசதியாக இருந்தது. பாலத்து மேட்டில் அவருக்கு மூச்சு இரைத்தது.

"என்னங்க, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

வீட்டு மாடிப்படியில் இரைத்தாலும், மூன்று வாரமாக இதே பதில்தான்.

அந்த மூச்சிரைப்பு காதில் விழுந்ததும் அப்பா நினைவு வந்தது. பாளையங்கோட்டையில் ஞாயிறுதோறும் அவர் சைக்கிளில்தான் சர்ச்சுக்குப் போவோம். நான் முன்பாரில், அம்மா கேரியரில். என் உச்சந்தலையில் அப்பாவின் மூச்சு சுடும். வாய்க்கால் பாலம் வந்ததும் அம்மா குதித்து இறங்கிவிடுவாள்.

"காலு மரத்துப்போச்சு. நடந்து வாரேன்."

"ஒனக்குப் பாலத்துல மட்டுந்தான் மரக்குமோ?" என்று அப்பா கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். சமதரையில் அம்மாவுக்கு ஒருநாளும் கால் மரத்ததில்லை என்பது இன்றுதான் உறைத்தது.

நான் இறங்கினேன். "கால் மரத்துப்போச்சுங்க. தள்ளிட்டு வரேன்."

"மிதிக்கிற கால் எப்படி மரக்கும்?" என்றார். ஆனாலும் அவரும் இறங்கிவிட்டார். உச்சிவரை தள்ளிக்கொண்டே போனோம்.

ஏப்ரல் 13, ஞாயிறு. எழுந்ததும் அவர் முதலில் செய்தது, டாக்டருக்கு மெசேஜ் எழுதியதுதான்: மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, மூன்று வாரமாக.