அக்காவின் நகைக் கள்ளி

மகள் கைப்பேசியை நீட்டி, "அம்மா, நீங்கள் சொல்லுற நகைக் கள்ளி இவளோ?" என்று கேட்டாள். யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பழைய சித்திரக்கதையைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறான். அவளேதான். கறுப்புக் கையுறை, கூர் மூக்கு, கையில் யாரோ ஒரு சீமாட்டியின் மாணிக்க மாலை.

ஒரே ஆள் எழுதி, வரைந்து, சொந்தக் காசில் அச்சடித்த புத்தகம் அது. மூன்று இதழோடு நின்றுபோனது. அதில் இரண்டு கிளிநொச்சியில் எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தன. அக்காவுக்கு அந்தக் கள்ளி மேல் உயிர். எனக்கு அவளைக் கண்ணிலும் காட்டக்கூடாது. களவெடுப்பவளை ஏன் இவ்வளவு வடிவாக வரைய வேண்டும் என்று எரிந்து விழுவேன். எடுத்த நகையில் ஒன்றைக்கூட அவள் ஒரு படத்திலும் போட்டிருக்கவில்லை என்று அக்கா பக்கங்களைப் புரட்டிக் காட்டுவாள். எங்கள் வீட்டில் பெரிய சண்டையே அதுதான்.

போரின் கடைசி இடப்பெயர்வில் அம்மா தன் பதக்கச் சங்கிலியை அக்காவின் பாவாடை விளிம்புக்குள் வைத்துத் தைத்தார். எல்லோரும் படகேறித் தப்புவதற்கு எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். என் கையில் மூன்று மாதப் பிள்ளை. கடற்கரையில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே கிடந்தபோது ஒருநாள் அம்மா விளிம்பைத் தடவிப் பார்த்தார். வெறும் துணி. எங்கேயோ விழுந்துவிட்டது என்றாள் அக்கா. நூல் அறுந்திருக்கவில்லை, ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. எனக்கு எப்போதுமே வாய் நீளம். பசியில் அது இன்னும் நீண்டது.

"அந்தப் புத்தகத்தை வாசிச்சு வாசிச்சு நீயும் கள்ளியாப் போனாய். இனி என்னோட கதையாதை."

அக்கா கையை நீட்டினாள். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் அவள் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்தது. அங்கேயே புதைத்தோம்.

போன ஆவணியில் ஒட்டுசுட்டானில் ஒரு கல்யாண வீடு. அன்று கடற்கரையில் பக்கத்துத் தறப்பாளில் இருந்த ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். மகளைப் பார்த்து, அந்தக் கைக்குழந்தையா இவள் என்று கேட்டார். ஓம் என்றேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை. என்னட்டை ரெண்டு பால்மா ரின் இருந்தது. உங்கட அக்கா அந்தச் சங்கிலியைத் தந்து ஒண்டை வாங்கினவா. தங்கச்சிக்குப் பால் வத்திப்போச்சு, வீட்டில ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டவா."

அந்தப் பால்மா நிவாரணத்தில் கிடைத்தது என்றுதான் அக்கா எங்களுக்குச் சொல்லியிருந்தாள். நானும் நம்பினேன். அவளைக் கள்ளி என்று பேசிய அன்றும் அதைத்தான் கரைத்துப் பிள்ளைக்குப் பருக்கினேன். அவளைப் புதைத்துவிட்டு வந்தபோதும் ரின்னில் பாதி இருந்தது.