பூண்டுச் சாக்கு

என் தங்கையின் படிப்பைக் கெடுத்தது அவள் உடம்பில் இருந்த கரப்பான் இல்லை. பெரிய வாத்தியாரே, நீங்கள்தான்.

பெரிய வாத்தியார் இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். ஊரில் விழா எடுக்கிறார்கள், விழா மலர் என்று புத்தகம் போடுகிறார்கள். எட்டாம் வகுப்பு வரை அவரிடம் படித்தவள் என்பதால் என்னிடமும் ஆள் அனுப்பி, அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தை என்னிடம் இல்லாமல் இல்லை, அதையும் எழுதுவேன். ஆனால் அவர் பேச்சை எடுத்ததும் என் கண்ணில் முதலில் நிற்பது அவர் முகம் இல்லை, ஒரு கோணிச்சாக்கு. இரண்டாக மடித்து, வகுப்பின் கடைசியில், வாசற்படியை ஒட்டி, மற்றப் பிள்ளைகள் உட்காரும் பாயிலிருந்து தள்ளிப் போட்ட சாக்கு. ஓரத்தில் பூண்டு வியாபாரியின் நீல மை மார்க் இருக்கும். பின்னலுக்குள் பூண்டுச் சருகு ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் என் தங்கை காலை மடக்கி உட்கார்ந்து, முழங்கையைச் சொறியாமல் இருப்பதற்காகச் சிலேட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், ஊர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் படிக்கட்டு வயல். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுவார். எங்களைப் பெற்ற அம்மா தங்கை பிறந்த கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா கவுஞ்சியிலிருந்து சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். தங்கைக்குக் கைக்குழந்தையிலிருந்தே கரப்பான். முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கழுத்திலும் தோல் தடித்து, சிவந்து, நீர் வடியும். மார்கழிப் பனியில் வெடித்து ரத்தம் கசியும். சித்தி வந்த பிறகுதான் வந்தது என்று சொன்னவர்களும் உண்டு. அவள் வருவதற்கு முன்பே இருந்தது என்று தெரிந்துகொண்டே சொன்னார்கள். பிள்ளைக்குச் சித்தி எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்து, தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி, "மூத்தவ புள்ளைக்கு இம்புட்டுப் பாசமா? ஊருக்குக் காட்டுறா" என்று குத்தினாள். சித்தி குடத்தை இறக்காமலே சொன்னாள்: "காட்டுறதாவே வச்சுக்க மதினி. நீயும் ஒரு நாளைக்கு ஒம் மாமியாருக்குக் காட்டேன், நாங்களும் பாத்துக்கிறோம்."

செய்யாத வைத்தியம் இல்லை. பழனிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டோம். அப்பா யார் யாரையோ கெஞ்சி, சாமிக்கு ராத்திரியில் சாத்திய சந்தனத்தில் ஒரு உருண்டை வாங்கி வந்து பூசினார். சில நாள் குளிர்ந்த மாதிரி இருந்தது, மறுபடி வந்தது. கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது என்று பாதிச் சாப்பாட்டை நிறுத்தினோம். குளிருக்குப் போர்த்திய கம்பளி பட்டால் ராத்திரியெல்லாம் சொறிவாள் என்று கண்டுபிடித்தவள் சித்திதான். அதற்குப் பிறகு தன் பழைய நூல்சேலை இரண்டை ஒன்றாகத் தைத்துப் போர்த்திவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள்.

இத்தனைக்கும் அந்தப் பிள்ளைக்குப் படிப்பென்றால் உயிர். நான் படிக்கிறதைக் கேட்டே என் பாடத்தை ஒப்பிப்பாள். மூட்டை ஏற்ற லாரி வந்தால் முன்னால் ஓடிப் போய் நின்று நெற்றியில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டுவாள். டிரைவர் "ஏலே, வண்டியப் படிக்கிற கலெக்டரு வந்துட்டாருடா" என்று கிளீனரிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவே இல்லை. கலெக்டர் என்றால் என்ன படிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டாள்.

இப்போது நல்ல வார்த்தை. பெரிய வாத்தியார் வரும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் கூரையும் சரியில்லை, பிள்ளையும் இல்லை. பிள்ளைகள் நாங்கள் எல்லாம் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தோம். அவர் மழையில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். வயலுக்கே வந்து அப்பாவிடம், "பொட்டப்புள்ளயா இருந்தா என்னங்க, எழுத்து கடிக்கவா போகுது" என்று கேட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அடிக்க மாட்டார். நான் இப்போது எழுதுகிற இந்தக் கையெழுத்து அவர் என் கையைப் பிடித்து மணலில் போட வைத்தது. இதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்கவில்லை.

மதிய உணவு எங்கள் பள்ளிக்கு வந்த வருஷம் தங்கை இரண்டாம் வகுப்பு. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்ததும் சில வீட்டார் முணுமுணுத்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும், அவளை நிறுத்தாவிட்டால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று போய்ச் சொன்னார்கள். வீடு வீடாக நடந்து சேர்த்த பிள்ளைகள் கலைந்துவிடுமே என்று அவர் பயந்தார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. பயத்துக்கு அவர் கண்டுபிடித்த வழிதான் புரியவில்லை. எங்கள் பக்கம் பூண்டு என்றால் எல்லாவற்றுக்கும் மருந்து. சளிக்குப் பூண்டு, வயிற்றுக்குப் பூண்டு, பிரசவித்தவளுக்குப் பூண்டு, தேள் கடித்தால் பூண்டு. அவர் அப்பாவைக் கூப்பிட்டு, "பூண்டு அடச்ச சாக்கு ஒண்ணு குடுத்து விடுங்க. அதுல தனியா ஒக்காரட்டும். பூண்டு வாசம் இருந்தா நோய் தாண்டாது. வாசம் போக விடாம வாரத்துக்கு ஒண்ணு மாத்திருங்க" என்றார். அப்பாவுக்கு நிம்மதி. பிள்ளையை நிறுத்தச் சொல்லவில்லையே. சாக்குக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? "வாத்தியார் மனசு வச்சாரு" என்று பெருமையாகக்கூடச் சொன்னார்.

தங்கை திங்கட்கிழமை தோறும் புதுச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். பாவாடைக்குக் கீழே தொடையும் காலும் சாக்கில் உரசும். பூண்டுத் தூசி வெடிப்பில் இறங்கும். அதுவரை முழங்காலோடு நின்றது, மேலே ஏறித் தொடையெல்லாம் பரவியது. பரவியதைப் பார்த்துப் பிள்ளைகள் இன்னும் தள்ளிப் போனார்கள். வாத்தியார் இன்னும் நல்ல காரமான சாக்காகக் கொண்டு வரச் சொன்னார். மதியம் எல்லாருக்கும் தட்டு, அவளுக்கு இலை. வீட்டுக்கு வந்தால் உட்கார மாட்டாள். நின்றுகொண்டே வாய்ப்பாடு சொல்வாள்.

சித்தி பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் வெள்ளனே எழுந்து, அப்பாவிடம் கேட்காமல், உருளைக்கிழங்கு லாரியில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போனாள். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு சிஸ்டர் தங்கையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். தொடையில் சாக்குப் பின்னல் அப்படியே கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. "எதுலம்மா உட்காருது பாப்பா?" என்று கேட்டார். சித்தி சொன்னாள். சிஸ்டர் தங்கையின் பாவாடையை இறக்கிவிட்டார். பிறகு சொன்னார்: "இது எக்ஸிமா. யாருக்கும் ஒட்டாது. கூட சாப்பிடலாம், கூட படுக்கலாம். சாக்கு, கம்பளி, பூண்டு மூணும் ஸ்கின்ல படக்கூடாது. காட்டன் துணி போடுங்க. ஸ்கூலுக்கு டெய்லி அனுப்புங்க, நிறுத்திராதீங்க." ஒரு களிம்பு கொடுத்தார். திரும்பி வரும்போது லாரியில் சித்தி அந்த மூன்றையும் விரல் மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தாள், மறந்துவிடக் கூடாதென்று.

மறுநாள் சித்தி பள்ளிக்கு வந்தாள். வாசலில் நின்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். நான் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பெரிய வாத்தியார் கடைசி வரை கேட்டார். பிறகு, "ஆஸ்பத்திரில சொல்லிருவாங்கம்மா. நாளைக்கு இங்க புள்ள வரலன்னா அவங்களா வந்து கூட்டியாருவாங்க? சாக்குல ஒக்காந்தா படிக்கட்டும். இல்லாட்டி ஒங்க இஷ்டம்" என்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது.

சாக்கு வேண்டும் என்றால் சாக்கு, ஆனால் பூண்டு வேண்டாம் என்று சித்தி முடிவு செய்தாள். ஒரு சாக்கை அடுப்புச் சாம்பல் போட்டுக் கொதிக்க வைத்து, ஓடையில் அடித்து அடித்துத் துவைத்தாள். வெயில் இல்லாத நாட்கள், அடுப்புக்கு மேலே கட்டி உலர்த்தினாள். மூக்கில் வைத்துப் பார்ப்பாள், மறுபடி கொண்டுபோய் அலசுவாள். கடைசியில் தன் சேலையில் ஒரு பாதியைக் கிழித்து நாலாக மடித்துச் சாக்கின் மேல் வைத்துத் தைத்தாள். தங்கை அதில் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து சிரித்தாள்.

பள்ளியில் பெரிய வாத்தியார் அந்தச் சாக்கை வாங்கினார். பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். "வாசமே இல்லையே" என்றார். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சாக்கை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு ஏழு வயதுப் பிள்ளை தனியாக இறங்கிப் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அடுத்த நாள் அவள் அதே சாக்கோடு வந்தாள். வாத்தியார் மறுபடி மோந்து பார்த்து, "இப்பத்தான் சரி" என்று உள்ளே விட்டார். அவர் சொன்னது பிறகுதான் எனக்குத் தெரிந்தது; அன்றைக்கு எங்களுக்கு ஆச்சரியம், சித்திக்குச் சந்தோஷம். வாத்தியார் மனம் மாறிவிட்டார் என்று நினைத்தாள். ஆனால் களிம்பும் போட்டு, நூல்சேலையில் உட்கார்ந்தும் புண் பெரிதாகிக்கொண்டே போனது. சீழ் வைத்தது. சித்தி ஒரு சாயங்காலம் சோறு ஊட்டும்போது பிள்ளையின் விரல் நுனியைப் பார்த்தாள். பூண்டுச் சாறு பட்டு வெந்த கொப்புளம். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாக்கைப் பிரித்தால், சேலை மடிப்புக்குள் நசுக்கிய பூண்டு.

"எதுக்குடி தேச்ச?" என்று கேட்டாள் சித்தி.

"வாசம் வந்தாத்தான சித்தி உள்ள விடுவாரு" என்றாள் தங்கை.

தினமும் காலையில் பரணிலிருந்து இரண்டு பல் எடுத்து, போகிற வழியில் கல்லில் நசுக்கித் தேய்த்திருக்கிறாள். அன்று சித்தி அழுததுபோல அவள் அழுது நான் பார்த்ததில்லை. அதற்கப்புறம் காய்ச்சல் வந்து தங்கை படுத்துவிட்டாள். மறுபடி லாரி, மறுபடி ஆஸ்பத்திரி. பிழைத்து வந்தாள். வந்த கையோடு சித்தி அந்தச் சாக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய் வாத்தியாரின் மேசை மேல் விரித்தாள். "ஒரு நாளைக்கு நீங்க ஒக்காருங்க சார் இதுல. காலைல இருந்து மணி அடிக்கிற வரைக்கும். அப்புறம் எம் புள்ளய என்ன வேணாலும் சொல்லுங்க" என்றாள். அவர் மேசையிலிருந்த சாக்பீஸ் டப்பாவை மட்டும் நகர்த்தி வைத்தார். "பாடம் நடக்குதும்மா. புள்ள கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டும். சரியானதும் பாக்கலாம்" என்றார்.

அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. தங்கை குணமான பிறகு சித்தி கூட்டிக்கொண்டு போனாள். பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்தாயிற்று, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷம் பனி வந்தது, கரப்பான் திரும்பியது, அதைக் காட்டி மறுபடி அனுப்பினார்கள். அப்பா "வாத்தியார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று அவளைக் களை பறிக்க அழைத்துப் போய்விட்டார். ஒவ்வொரு ஜூன் மாதமும் பெரிய வாத்தியார் எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறிப் பிள்ளை கேட்டார். எங்கள் வீட்டு வாசலில் பள்ளிக்கூட வயதில் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கும். அந்தப் படியை மட்டும் தாண்டிப் போவார்.

இது நடந்து பத்துப் பதினொரு வருஷம் இருக்கும். நான் மலைக்குக் கீழே ஆயக்குடியில் வாழ்க்கைப்பட்டேன். தங்கையும் என்னோடுதான் இருக்கிறாள். கீழே வந்த பிறகு குளிர் இல்லை, பூண்டு இல்லை, கரப்பான் பெரும்பாலும் அடங்கிவிட்டது. கழுத்தில் மட்டும் ஒரு கறுப்புத் தழும்பு. கொய்யா மண்டியில் கூடை கட்டப் போகிறாள். லாரி வந்தால் இன்னும் முன்னால் போய் நிற்கிறாள். எழுத்துக் கூட்டுவாள், கொம்பும் காலும் சேர்ந்து வருகிற எழுத்தில் நின்றுவிடுவாள். அந்தப் பாடத்துக்கு முன்னால்தான் அவளை அனுப்பினார்கள். பக்கத்தில் யாராவது வந்தால் சும்மா பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் உட்கார்த்தி வைத்துச் சொல்லித்தரப் பார்த்தேன். "சோலி கெடக்குக்கா" என்று எழுந்துவிடுகிறாள்.

இதை மலரில் போட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு பிரதியைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். பெரிய வாத்தியாரே, விழாவுக்கு நான் வருகிறேன். தங்கையைக் கூட்டி வருகிறேன். சித்தியும் வருவாள். அந்தச் சாக்கை அவள் எறியவில்லை. சேலைத் துண்டோடு மடித்துப் பரணில் வைத்திருக்கிறாள், அதையும் எடுத்து வருவாள். வாசற்படி ஓரத்தில் இல்லை, மேடைக்கு நேர் முன்னால் விரித்து மூன்று பேரும் உட்காருவோம். எல்லாரும் உங்களுக்கு மாலை போட்டு முடித்ததும் நீங்கள் ஏற்புரைக்கு எழுந்திருப்பீர்கள். ஒட்டாது என்று சொன்ன பிறகும் ஒரு பிள்ளையை எதற்காக அதில் உட்கார வைத்தீர்கள், ஏன் எங்கள் வீட்டுப் படியைத் தாண்டிப் போனீர்கள் என்று அப்போது சொல்லுங்கள். என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். அன்றைக்கு வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் கூட்டத்தில் இருப்பார்கள், மைக்கில் சொல்லுங்கள்.

வேண்டுமானால் இறங்கி வந்து மோந்து பாருங்கள். சாக்கில் இப்போது பூண்டு வாசம் கொஞ்சமும் இல்லை. அவளை உள்ளே விடுவீர்களா, மாட்டீர்களா?