நடை தம்பியுடையது

பஸ் டிரைவர் வலது காலின் காலுறையை மட்டும் கழற்றி நாற்காலியின் முதுகில் போடுகிறார். இடது காலில் அது அப்படியே இருக்கிறது. வெறுங்காலை மேசைக்கு அடியில் நீட்டி, தரையோடு திருகி முடுக்கியிருக்கும் பெடலின் மேல் பெருவிரலை வைத்து, எவ்வளவு அழுத்தினால் அது எதிர்க்கத் தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்கிறார். பிறகு நிமிர்ந்து, எதிரே உள்ள கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி, "ஏறியாச்சா?" என்று கேட்கிறார்.

அறையின் நடுவே, கைப்பிடி வைத்த நாற்காலியில், கண்ணை முழுக்க மூடும் விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவருடைய அக்கா உட்கார்ந்திருக்கிறார். "ஏறியாச்சு, ஏறியாச்சு. சில்லறைதான் இல்ல" என்கிறார்.

"கிளம்புறேன்."

அக்காவின் இடது கை கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்கிறது. டிரைவர் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பெருவிரலை அழுத்துகிறார்.

புதன்கிழமை மதியம் இது. அவருக்கு வார ஓய்வு. மனைவி வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருக்கிறார்கள். பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அக்காவுக்கு அன்று அரை நாள்.

மற்ற ஆறு நாளும் டிரைவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். பதினாறு வருடமாகிறது. அவர் வண்டியில் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்க மறந்துவிடுவார்கள். கைக்குழந்தைகள் மூன்றாவது நிறுத்தத்துக்குள் தூங்கிவிடும். பணிமனையில் அவருக்குத் தொட்டில் என்று பெயர். அவர் வண்டிதான் வேண்டும் என்று முன்னால் வரும் இரண்டு வண்டிகளை விட்டுவிட்டுக் காத்திருக்கும் கர்ப்பிணிகள் உண்டு என்று அவருடைய கண்டக்டர் சொல்வார். கண்டக்டர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். மீதிப் பாதி உண்மை. பயிற்சியின்போது வண்டியின் முன்பலகையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து ஓட்டச் சொல்வார்களாம். மற்றவர்கள் பயிற்சி முடிந்ததும் டம்ளரை மறந்துவிட்டார்கள். இவருக்கு இன்றும் அது எதிரே இருக்கிறது.

வண்டியில் விதிப்படி பூட்ஸ் போட வேண்டும். அது ஒன்றுதான் அவருக்குப் பிடிக்காத விதி. "தோலுக்குத் தெரியறது ரப்பருக்குத் தெரியாது" என்பார்.

அவர்கள் விளையாடுவது மிகப் பழைய விளையாட்டு. மலைமேல் ஒரு பாழடைந்த கோட்டை. அதற்குள் அலைந்து சாவிகளைத் தேடி, கடைசியில் ஒரு தொங்குபாலத்தைக் கடந்து மணிக்கூண்டுக்குப் போக வேண்டும். அவருக்குப் பன்னிரண்டு வயதும் அக்காவுக்குப் பதினாறு வயதும் ஆனபோது வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு நாற்காலியும் இருந்தன. ஆளுக்குப் பாதி நாற்காலி. மவுஸ் அக்காவிடம், அம்புக்குறிப் பொத்தான்கள் தம்பியிடம். அக்கா பார்க்கும் பக்கம் தம்பி நடப்பான். ஓர் உடம்பை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு அந்தக் கோட்டையைச் சுற்றினார்கள்.

பாலத்தில் மட்டும் பங்கு சரிப்பட்டு வரவில்லை. கைப்பிடிக் கயிறு இல்லாத பாலம். நூற்றுப் பன்னிரண்டு பலகைகள். நடுவில் வந்ததும் இவன் பயத்தில் ஓடுவான், அவள் பயத்தில் கீழே பார்ப்பாள், இருவரும் சேர்ந்து பள்ளத்தில் விழுவார்கள். "நீ ஏன்டா ஓடுனே?" "நீ ஏன் கீழ பார்த்தே?" பிறகு வீடு மாறியபோது அப்பா கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டார். அக்கா விடுதிக்குப் படிக்கப் போனார். பாலம் அப்படியே நின்றுவிட்டது.

போன வருடம் டிரைவர் ஒரு ஹெட்செட் வாங்கினார். புது விளையாட்டுகளைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு வேறு சங்கதி கண்ணில் பட்டது. இந்த மாதிரி பழைய விளையாட்டுகளை ஹெட்செட்டுக்குள் திறந்துகாட்டும் சிறிய புரோகிராம்களை முகம் தெரியாத யார் யாரோ உட்கார்ந்து எழுதி, சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தலை திரும்பும் பக்கம் பார்வை திரும்பும். நடை மட்டும் பழையபடி கையில். படித்ததும் எழுந்து நின்றுவிட்டார். அப்படியானால் பார்வையை அக்காவுக்கும் நடையைத் தனக்கும் மறுபடி பங்கு போடலாம்.

உள்ளே போன முதல் நிமிடம் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "டேய், இந்தக் கதவு இவ்வளவு உசரமாடா! நாம எலி மாதிரி இருக்கோம்." திரையில் அடர்ந்த காடாக இருந்தது, பக்கத்தில் போனால் இரண்டிரண்டு அட்டைகளைக் குறுக்கே செருகி நிறுத்திய மரங்கள். பீப்பாயின் நிழலைத் தரையிலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள். காவல்காரனுக்கு விரல்கள் பிரியவே இல்லை. "பாவம், இவன் எப்படி எக்ஸ்ரே எடுத்துப்பான்?" பிறகு குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினார்: "டேய், எனக்குக் காலே இல்லடா!"

"கால் என்கிட்ட இருக்கு."

நான்காவது நிமிடம் ஹெட்செட்டைப் பிடுங்கி எறியாத குறையாகக் கழற்றிவிட்டுக் குளியலறைக்கு ஓடினார். முகம் கழுவிக்கொண்டு வந்து, "தொட்டிலாம் தொட்டில்! பேரு வச்சவன வந்து இதுல உட்காரச் சொல்லு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டிரைவர் அப்போது அக்காவின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டை வலது கை தடவிக்கொண்டிருந்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு மழை நாளில், டிரைவர் தன் காரில் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது ஒரு சைக்கிள்காரர் சந்திலிருந்து குறுக்கே வந்துவிட்டார். டிரைவர் பிரேக்கை மிதித்தார். சைக்கிள்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. பக்கத்து இருக்கையில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த அக்கா முன்பலகையில் இடது கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் சரியாகத்தான் செய்தாய் என்பார். அக்காவும் அதைத்தான் சொன்னார், ஒன்றுக்கு மூன்று தடவை. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது.

அன்றிலிருந்து அக்கா அவர் வண்டியில் ஏறவில்லை. வார்த்தையாக எதுவும் கிடையாது. "ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துட்டேன்டா." "நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார்." "நீ வேற வெயில்ல வரணுமா?" ஒவ்வொரு காரணமும் நல்ல காரணம்தான். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிடம் நடந்தே வருவார். ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம் தூங்கும் வண்டியில் சொந்த அக்கா ஏறமாட்டேன் என்கிறார் என்பதை டிரைவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு கட்டத்தில் அவரும் "கொண்டுவந்து விடட்டுமா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டால் அக்கா இன்னொரு காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

அக்கா குளியலறையிலிருந்து வந்த அன்றே அவர் வேலையைத் தொடங்கினார். ஹெட்செட்டைத் தானே மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். வயிறு புரண்டதும் காரணம் பிடிபட்டது. பொத்தானை அழுத்தினால் அந்தக் கணமே முழு வேகம், விட்டால் அந்தக் கணமே நின்றுவிடும். திரையில் பார்த்தபோது இது தெரியவில்லை. "இது பிரேக்கே இல்ல. செவுரு" என்றார். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை ஒன்றில், உடைந்த சாமான்கள் போட்டுவைத்த பெட்டியில், கார் விளையாட்டுக்கான பழைய பெடல் ஒன்று கிடந்தது. ஸ்பிரிங்கை மாற்றி, அதை நடைக்கு இணைத்தார். விளையாட்டின் கோப்புகளில் ஒன்றைத் திறந்தால் நடையின் வேகமும் வழுக்கலும் எண்களாக எழுதியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றியதை, பஸ் போய்வந்த கணக்கெழுதும் பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் குறித்து வைத்தார். நடக்கும்போது தலையைக் குலுக்கும் ஒரு வரி இருந்தது. அதைப் பூஜ்யமாக்கினார். படிக்கட்டு ஒவ்வொரு படிக்கும் கண்ணைத் தூக்கிப் போட்டது. வேகத்தடையில் ஏறுவதுபோல ஓரமாகச் சாய்த்து ஏறினால் பாதி குறைந்தது. இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் ஓட்டுகிறவனுக்குக் குலுக்கல் தெரியாது. உட்கார்ந்து வருகிறவனைத்தான் கேட்க வேண்டும். எனவே கண்டக்டரைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நான் என்ன டம்ளரா அண்ணே?" என்றார் கண்டக்டர்.

"டம்ளர் புலம்பாது. மாட்டுய்யா."

கண்டக்டர் தன் விசிலைக் கொண்டுவந்திருந்தார். தூக்கிப் போடும்போதெல்லாம் ஊதுவது என்று ஏற்பாடு. முதல் நாள் முப்பத்தோரு விசில். மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். டிரைவர் விடவில்லை. வேலை முடிந்து அரை மணி நேரம், நான்கு மாதம். ஒரு நாள் கோட்டை வாசலிலிருந்து பாலத்தின் முனை வரை ஒரே ஒரு விசில்தான் கேட்டது.

"எங்க தூக்குச்சு?"

"எங்கயும் இல்லண்ணே. ரொம்ப நேரமா சும்மா இருந்தேனா, வாய் தானா ஊதிடுச்சு."

அதற்குப் பிறகுதான் அக்காவை மறுபடி கூப்பிட்டார். ஒரே ஒரு மாற்றம்: கிளம்புமுன் "கிளம்புறேன்" என்பார், நிற்குமுன் "நிக்கிறேன்" என்பார். கண்டக்டரிடம் அவர் அப்படிச் சொன்னதில்லை. அக்கா காரணம் கேட்கவில்லை. குளியலறைக்கு ஓடவும் இல்லை. வாராவாரம் வந்தார், சாவிகள் சேர்ந்தன. இடது கை மட்டும் கைப்பிடியிலேயே இருந்தது.

இந்தப் புதன்கிழமைதான் பாலத்துக்கு வந்துசேர்ந்தார்கள். டிரைவர் வழக்கம்போல இரண்டு டம்ளர் டீ போட்டு, அக்காவுடையதை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார். அக்கா அதைத் தொடவில்லை.

"அம்மாடி" என்றார் அக்கா. "இது இவ்வளவு நீளமாடா?"

"நூத்திப் பன்னண்டு. கிளம்புறேன்."

முதல் பலகை. இரண்டாவது. திரையில் அக்கா பார்ப்பது அவருக்கும் தெரிந்தது. அதுதான் அவருக்குப் பயணியைக் காட்டும் கண்ணாடி. அக்காவின் பார்வை எதிரே மணிக்கூண்டில் குத்தி நின்றது. இருபது பலகை. பாலம் லேசாக ஆடியது. அது விளையாட்டிலேயே உள்ள ஆட்டம், அவரால் எந்த எண்ணிலும் மாற்ற முடியாதது.

"நிக்கட்டுமா?"

"போ."

ஐம்பது. சின்ன வயதில் ஒரு தடவைகூட ஐம்பத்தைந்தைத் தாண்டியதில்லை. டிரைவரின் பெருவிரல் அழுத்திய இடத்திலேயே இருந்தது, கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"அக்கா, இப்ப நடுப்பலகை. கொஞ்சம் மெதுவா..."

"சொல்லிட்டே வராத. நட."

அவர் வாயை மூடிக்கொண்டார். திரை மெல்லக் கீழே திரும்பியது. அக்கா வேண்டுமென்றே கீழே பார்த்தார். பலகைகளுக்கு இடையே பள்ளம், அதன் அடியில் நீலமாக ஓர் ஆறு. அவர் அதற்கேற்பப் பெடலை ஒரு மயிரிழை விட்டுக்கொடுத்தார், அவ்வளவுதான். அக்கா விழவில்லை.

"டேய், அங்க பாரு, தண்ணி ஓடவே இல்ல. அதையும் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கான்! இதுக்கா அவ்வளவு பயந்தோம்?"

சொல்லிக்கொண்டே அக்கா ஆற்றைச் சுட்டிக் காட்டினார். இடது கையால். அந்தக் கை காற்றில் நீண்டு, அங்கேயே நின்று, பிறகு மடியில் வந்து விழுந்தது. டிரைவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் கால் அசையும்.

மறுகரையில் அவர் நின்றது அக்காவுக்குத் தெரியவில்லை. "இன்னும் எவ்வளவு?" என்று கேட்டார்.

"வந்து நின்னு ஒரு நிமிஷம் ஆச்சு."

மணிக்கூண்டில் ஏறி மணியை அடித்தபோது ஒரு தகரச் சத்தம் வந்தது, அவ்வளவுதான். அதற்கே இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஹெட்செட்டைக் கழற்றியபோது அக்காவின் நெற்றியில் அதன் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய ரயில் போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அடுத்தது இன்னும் ஒரு மணி நேரம் கழித்து.

டிரைவர் ஹெட்செட்டின் கண்ணாடிகளைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜன்னல் விளிம்பிலிருந்த டம்ளரை எடுத்தார். டீ விளிம்பு வரை அப்படியே இருந்தது, மேலே ஆடை கட்டியிருந்தது.

"ஆறியே போச்சு" என்றார். "பரவால்ல, வழியில குடிச்சுக்கிறேன். சாவிய எடு."

வெளியே கார் நின்றது. அக்கா முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். இருக்கை அவர் கடைசியாகத் தள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு டம்ளரை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

டிரைவர் அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். உடனே திருகவில்லை. குனிந்து, வலது காலின் செருப்பைக் கழற்றி, பின்னிருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, பெருவிரலைப் பெடலின் மேல் வைத்தார்.