இரண்டு பூதங்களும் ஓர் அடுப்பும்

படுக்கை விரிப்பின் நான்காவது மூலையை மெத்தைக்கு அடியில் செருகியதும் ஜென்சி உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். சனிக்கிழமை மாலை சீட்டுக்கட்டுக்கும் அதே தட்டுதான். விளிம்புகளை ஒழுங்காக்கி, மேலே ஒரு தட்டு, பிறகு எதிரே இருப்பவரின் முகத்தை நிமிர்ந்து ஒரு பார்வை. அந்தப் பார்வையில் பாதிப் பேர் தோற்றுப்போவார்கள்.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே உள்ள ஒரு தங்கும் விடுதியில், அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு அவள் மேற்பார்வையாளர். வயது நாற்பதைத் தொடப்போகிறது. நகங்களை ஒட்ட வெட்டியிருப்பாள். குளிரிலும் சோப்புத் தண்ணீரிலும் விரல்நுனிகள் வெடித்துக் கிடக்கும். அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறாள், நல்ல வைத்தியம்தான். சனிக்கிழமை மட்டும் தடவ மாட்டாள். எண்ணெய்க் கை பட்டால் கார்டு கறையாகிவிடும்.

கார்டு என்றால் ரம்மி ஆடும் கார்டு அல்ல. டிராகன்களும் பூதங்களும் மந்திரவாதிகளும் உள்ள வெளிநாட்டு விளையாட்டு. ஒவ்வொரு கார்டிலும் ஒரு படமும், அது என்ன செய்யும் என்று பொடி எழுத்தில் ஒரு விளக்கமும் இருக்கும். ஆயிரக்கணக்கான கார்டுகளிலிருந்து தனக்கு வேண்டியதைப் பொறுக்கி, ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்படி அடுக்கி, அவரவர் கட்டை அவரவரே தயார் செய்ய வேண்டும். ஒரு விருந்தினர் அறையில் விட்டுப்போன பெட்டியில் ஆரம்பித்தது ஜென்சிக்கு. போன் செய்து கேட்டபோது அவர் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். அம்மா சூசையம்மாளுக்கு இன்றுவரை சமாதானம் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போதெல்லாம், மகள் சீட்டாடுகிறாள் என்று பக்கத்தில் நடப்பவரிடம் சொல்லிவிடுவார். ஜென்சி திரும்பியே பார்க்காமல் சொல்வாள்: "காசு வச்சா ஆடுறேன்? டிராகன் வச்சுல்ல ஆடுறேன்."

சனிக்கிழமைக் கூட்டம் நான்கே பேர். இடம் மரியஅந்தோணி அண்ணன் பேக்கரியின் பின்னறை. அடுப்பின் சூடு சுவர் வழியே வருவதால் ஊரிலேயே கதகதப்பான இடம் அதுதான். டாக்சி ஓட்டும் ஸ்டீவன், பள்ளிக்கூட நூலகத்தில் உதவியாளராக இருக்கும் எல்வின், ஒட்டன்சத்திரத்திலிருந்து வங்கி வேலைக்கு மாற்றலாகி மேலே வந்த சுசித்ரா, அப்புறம் ஜென்சி. படிப்பு முடிந்து வெளிநாடு போகும் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போகும் கார்டுகளை எல்வின் கேட்டு வாங்கி வருவார். நால்வரும் பங்கு பிரித்துக்கொள்வார்கள். பங்கு பிரிக்கும்போது மற்ற மூவரின் கையும் பளபளவென்று பல்லைக் காட்டும் டிராகன்களுக்குத்தான் போகும். டிராகனுக்கு அந்த மேசையில் 'பெரியவர்' என்று பெயர். ஸ்டீவனின் சீட்டுக்கட்டில் பெரியவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள், சீசனில் அவன் வண்டியில் சுற்றுலாப் பயணிகள் இருப்பதைப் போல.

ஜென்சி குட்டிக் கார்டுகளைத்தான் எடுப்பாள். யாரும் சீந்தாத கிணற்றுப் பூதம் அவளிடம் இரண்டு இருந்தது. அந்தப் பூதம் மேசைக்கு வந்தால், குப்பையில் கிடக்கும் ஒரு கார்டைத் திரும்பக் கைக்கு எடுக்கலாம். குப்பை என்பது ஆடி முடிந்த கார்டுகளைப் போடும் குவியல். இன்னொன்று, ஓயாத அடுப்பு. மேசையில் உள்ள எதையாவது அதில் தள்ளினால் ஒரு பங்கு சக்தி கிடைக்கும், தள்ளியது குப்பைக்குப் போகும். ஒரு பூதத்தை அழைக்கவும் ஒரு பங்கு சக்திதான் செலவு. ஆக, ஒரு பூதத்தை அடுப்பில் தள்ளி, அந்தச் சக்தியில் மற்றதை அழைத்து, அது முதல் பூதத்தைக் குப்பையிலிருந்து தூக்கிவர, மறுபடியும் அடுப்பு. சுற்றிக்கொண்டே இருக்கலாம். ஆனால் கையில் மிச்சம் எதுவும் நிற்காது.

மிச்சத்துக்கு வழி காட்டியது மூன்றாவது கார்டு. இரட்டைக் கண்ணாடி. அது மேசையில் இருந்தால் அடுப்பு கொடுக்கும் ஒரு பங்கு இரண்டாகிவிடும். ஒரு பங்கு செலவுக்கு, ஒரு பங்கு கைக்கு. சுற்றச் சுற்றச் சேரும். போதுமான அளவு சேர்ந்ததும் ஜென்சி தன் சீட்டுக்கட்டில் உள்ள ஒரே பெரியவரை அழைத்து, சேர்ந்த அத்தனையையும் அவர் வாயில் ஊற்றி, எதிராளியை ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். இந்த யோசனை எப்படி வந்தது என்று சுசித்ரா ஒருமுறை கேட்டாள். துணி அலமாரிக்கு முன்னால் வந்ததாம். "ஒரு விரிப்பு கட்டில்ல கெடக்கும், ஒண்ணு வெளுக்கப் போயிருக்கும். ரெண்டே ரெண்டு வச்சு ஒரு சீசனையே ஓட்டிரலாம். அதுபோலத்தான்." சுசித்ராவுக்கு வாய் சும்மா இருக்காது. அப்படியானால் இந்தப் பெரியவர் யார், விடுதி முதலாளியா என்று கேட்டாள். ஆமாம், எல்லாம் அவர் வாய்க்குத்தான் போகிறது என்றாள் ஜென்சி.

காம்போ என்று அவர்கள் சொல்லும் இந்தக் கார்டுச் சேர்க்கை வந்த பிறகு அவளை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு: தோற்றவர்தான் கல்லாப் பக்கம் போய் எல்லோருக்கும் டீ எடுத்துவர வேண்டும். ஜென்சி டீ எடுத்துவந்து மாதங்கள் ஆகிவிட்டன. பெரும்பாலும் ஸ்டீவன்தான் போனான். அவனுக்குப் பாலாடை ஆகாது. தன் டம்ளரில் படிந்ததை விரலால் ஓரமாக ஒதுக்கி, மருந்து குடிக்கும் முகத்தோடு குடிப்பான். அவன் குடித்து முடிப்பதற்குள் ஜென்சி கட்டை ஒழுங்காக்கி, ஒரு தட்டுத் தட்டி, "அடுத்த ஆளு?" என்பாள்.

அடுத்த ஆள் குறைய ஆரம்பித்தார். எல்வினுக்குத் திடீரென்று பாடகர் குழுப் பயிற்சி வந்தது. சுசித்ரா வாரம் தவறாமல் ஊருக்குக் கீழே இறங்கினாள். ஸ்டீவன் மேசைக்கு வந்தாலும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு சனிக்கிழமை மூவரும் சேர்ந்து வந்தார்கள். பேசி முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அவர்கள் நாற்காலியை இழுத்த விதத்திலேயே தெரிந்தது. எல்வின் சுற்றி வளைத்துச் சொன்னார். ஜென்சி கட்டை மாற்ற வேண்டும். மாற்றாமல் வந்து, வரும் சனிக்கிழமையும் அவளே ஜெயித்தால், அதோடு இந்தக் கூட்டம் போதும். சனிக்கிழமைகளில் கூக்கால் ஏரிப் பக்கம் சவாரி போனால் தனக்கு நாலு பேர் பழக்கமாவது கிடைக்கும் என்று ஸ்டீவன் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

வாரம் முழுவதும் யார் அறை மணி அடித்தாலும் ஓடுகிறவள் ஜென்சி. அவள் பெயரைச் சொல்லி அவளை உட்காரச் சொல்லும் மேசை ஊரில் அது ஒன்றுதான். அது போய்விடும் என்பது அவளுக்குப் புரிந்தது. இருந்தாலும் சொன்னாள்: "கட்ட மாத்த மாட்டேன். தோத்துக் குடுக்கவும் மாட்டேன், அது உங்களுக்குத்தான் அசிங்கம். ஜெயிச்சுக்கங்க. குப்பையப் பூட்டுங்க, குப்பையப் பூட்டுங்கன்னு நானும் எத்தன நாளாச் சொல்றேன்."

உண்மையிலேயே சொல்லியிருக்கிறாள். மூடுபனி என்று ஓர் அற்பமான கார்டு உண்டு. எதிராளியின் முறையிலும் அதைப் போடலாம். போட்டால் அந்த முறை முடியும்வரை குப்பையிலிருந்து யாரும் எதையும் எடுக்க முடியாது. எல்லோர் பெட்டியிலும் அது கொத்துக் கொத்தாகக் கிடந்தது. வருஷத்தில் பாதி நாள் பனிக்குள் இருக்கிறவர்கள் அதைக் கார்டிலும் ஏன் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரும் தன் சீட்டுக்கட்டில் சேர்க்கவில்லை.

அந்த வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விடுதியில் விரிப்புகள் காயவில்லை, தீப்பெட்டி உரசவில்லை, உப்பு ஜாடி தண்ணீர் விட்டது. ஜென்சியின் இரட்டைக் கண்ணாடியும் வளைந்துகொண்டது. அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அதுவும் பளபளப்புப் பூச்சு உள்ளது. ஈரக் காற்றில் பூச்சு ஒரு பக்கம் இழுக்க, அட்டை மறுபக்கம் போகும். வேறு ஊரில் இருப்பவராக இருந்தால் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்திருப்பார். ஜென்சி விடுதிக்காரி. இரண்டு தலையணை உறைகளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டாள். எடுத்துப் பார்த்தபோது கார்டு எதிர்ப்பக்கமாக, முறுகல் தோசையின் விளிம்புபோல் தூக்கிக்கொண்டு நின்றது.

சனிக்கிழமை அவளுக்கு எதிரே உட்கார்ந்தவன் ஸ்டீவன். கட்டை வெட்டிக் கொடுக்கச் சொல்லி அவள் நீட்டியபோது எல்வின் குனிந்து பார்த்தார். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தும் கட்டின் நடுவில் ஓரிடத்தில் வெளிச்சம் புகும் அளவுக்கு ஒரு சந்து. கண்ணாடி எங்கே இருக்கிறது என்று அறையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்தது. பின்பக்கத்திலிருந்து அடையாளம் தெரிகிற கார்டு செல்லாது. ரூல் அப்படித்தான் என்றார் எல்வின். ஜென்சி மறுக்கவில்லை. கண்ணாடியை உருவித் தனியே வைத்தாள். அது இல்லாவிட்டால் அவளுடைய பூதங்கள் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மூவரும் விரும்பியது தானாகவே நடந்துவிட்டது. சுசித்ரா பையிலிருந்த முறுக்கைக்கூட வெளியே எடுத்துவிட்டாள்.

அப்போது ஸ்டீவன் தலையை ஆட்டினான். "கண்ணாடி இல்லாத அக்காவ ஜெயிச்சு என்னத்துக்கு? அதையும் உள்ள வைங்க்கா."

எல்வின் அவனைப் பைத்தியமா என்பதுபோல் பார்த்தார். ஜென்சியும் பார்த்தாள், ஆனால் வேறு மாதிரி. அறையைக் காலி செய்யும்போது அளவுக்கு மீறி அன்பாகப் பேசும் விருந்தினர் விடுதித் துண்டைப் பெட்டிக்குள் வைத்திருப்பார். அவளுக்கு அது அத்துபடி. ஸ்டீவனின் பெட்டியில் ஏதோ இருக்கிறது.

வளைந்த கார்டை எப்படி மறைப்பது என்பதற்கு மரியஅந்தோணி அண்ணன்தான் வழி செய்தார். பிளம் கேக் வைக்கும் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். சுசித்ரா ஜென்சியின் கட்டை மேசைக்கு அடியில் கலைத்து, ஸ்டீவன் கண்ணை மூடி வெட்டி, பெட்டிக்குள் வைத்து மூடியைச் சாய்த்தார்கள். கையை விட்டு மேலே இருப்பதை எடுக்கலாம். எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எல்வின் பெட்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

ஸ்டீவன் அன்று ஒரு டிராகனைக்கூட இறக்கவில்லை. சுத்தியல் பிடித்த குள்ளர்கள் ஒவ்வொருவராக வந்து ஜென்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்திக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் எங்கே என்று சுசித்ரா கேட்டதற்கு, "வீட்ல விட்டுட்டு வந்துட்டேன். வண்டியில எடமில்ல" என்றான். ஜென்சிக்கு அடுப்பு வந்தது, இரண்டு பூதங்களும் வந்தன, பெட்டியிலிருந்து கண்ணாடியும் முறுகிக்கொண்டே வந்தது. எல்லாம் வந்துசேர்ந்தும் அவள் சுற்றை ஆரம்பிக்கவில்லை. ஒரு பூதத்தை மட்டும் அழைத்து, அடுப்பில் தள்ளிவிட்டு, ஸ்டீவனைப் பார்த்தாள். அவன் கை பரபரத்தது. மூடுபனியைப் போட்டுவிட்டான்.

அவ்வளவுதானா என்பதுபோல் அவள் தன் முறையை முடித்துக்கொண்டாள். தூண்டில் போட்டு அவன் ஆயுதத்தைப் பிடுங்கியாயிற்று. எல்வின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுசித்ரா முறுக்கை மறந்துவிட்டாள். வண்டிக்காக யாரோ ஸ்டீவனைக் கூப்பிட, அவன் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தான்.

அடுத்த முறை ஜென்சி உண்மையாகவே ஆரம்பித்தாள். பூதம், அடுப்பு, பூதம், அடுப்பு. விரல்கள் தலையணை உறை மாட்டும் வேகத்தில் ஓடின. சேர்ந்த சக்தியை அவள் உதடு அசையாமல் எண்ணுவது வழக்கம். பெரியவரை அழைக்க இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஒரு பூதம் குப்பையில் விழுந்தது. மற்றது கையிலிருந்து மேசைக்கு வந்தது. அதன் பக்கத்தில் ஸ்டீவன் இன்னொரு மூடுபனியை மெதுவாக வைத்தான்.

டிராகன்களை எடுத்துவிட்ட இடத்தில் எல்லாம் அவன் மூடுபனியை நிரப்பிக்கொண்டு வந்திருந்தான்.

ஜென்சி சும்மா இருக்கவில்லை. கடைசிப் பூதத்தையும் அடுப்பில் தள்ளிப் பார்த்தாள், போதவில்லை. கையில் மிச்சமிருந்த கார்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூளையில் இருந்த எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தாள் என்பது அவள் நெற்றியிலேயே தெரிந்தது. ஒன்றும் திறக்கவில்லை. அவள் முறை முடிந்தது, சேர்த்த சக்தி கரைந்தது, வெறும் மேசைமேல் குள்ளர்கள் ஏறி வந்தார்கள். முடிந்ததும் ஸ்டீவன் ஜெயித்தவன்போல் இல்லை; தப்பு செய்துவிட்டவன்போல் அவள் முகத்தைப் பார்த்தான்.

"ரெண்டாவத எப்படி அடக்கி வச்ச?" என்று கேட்டாள் ஜென்சி.

"மொத தடவ நெசமாவே பயந்து போட்டேங்க்கா. நீங்க நெனச்சது சரிதான். அப்புறம் கைய தொடைக்கு அடியில வச்சுக்கிட்டேன்."

எல்வின் பெரிதாகச் சிரித்தார். அடுத்து தான்தான் ஆடுவேன் என்று சுசித்ரா நாற்காலியை இழுத்தாள். அவள் பெட்டியில் எத்தனை மூடுபனி கிடக்கிறது என்று எல்வின் எட்டிப் பார்க்க, அவள் மூடியை அவர் விரல்மேல் சாத்தினாள். வளைந்த கண்ணாடியை ஜென்சி கேக் பெட்டிக்குள் போட்டுவிட்டு எழுந்து கல்லாப் பக்கம் போனாள்.

டீத்தட்டைப் பிடித்து நெடுநாள் ஆகியிருந்தாலும் அவள் கையில் தட்டு ஆடவில்லை. மேசையோரம் நின்று, ஒரு டம்ளரில் படிந்திருந்த பாலாடையைக் கரண்டியால் தூக்கித் தன் டம்ளரில் போட்டுக்கொண்டு, அந்த டீயை முதலில் ஸ்டீவன் முன்னால் வைத்தாள்.